மேசையில் கிடந்த மோடம்

“…நீங்க கழட்டச் சொன்ன மோடம் இந்தா மேசையில கிடக்கு தம்பி. உங்கட திரை இன்னும் மோடந்தான் மெசின நிப்பாட்டுது எண்டு சொல்லுது. வயரும் இல்லாம கறண்டும் இல்லாம கிடக்கிற சாமான் எப்பிடி நிப்பாட்டும்? கண்ணூறு வச்சா?”

கேட்டவர் காதர் நானா. யுத்த காலத்தில் மட்டக்களப்பில் நான் கணினி பார்த்த நிவாரண அலுவலகத்தின் ஸ்டோர் கீப்பர். அவர் பேச்சைக் கேட்கவே அங்கே போகலாம். அன்று மட்டும் கேட்கப் பிடிக்கவில்லை. வாகரைக்கு அரிசி ஏற்றிய லொறி வாசலில் நின்றது. அச்சிட்ட குடும்பப் பட்டியல் இல்லாமல் செக்பொயின்ற்றைத் தாண்ட முடியாது. மத்தியானத்துக்குப் பிறகு பாதையும் மூடிவிடும். பட்டியல் பாதி அச்சாகும்போதே எங்கள் லினக்ஸ் மெசின் உறைந்துவிடும்.

நான் சீடியில் வந்த கேர்னல் கோடை, அதாவது லினக்ஸின் அடி நிரலை, வாசித்தே தொழில் பழகியவன். பிழையைத் தேடி கேர்னலுக்குள் செய்தி அச்சிடும் வரிகளைப் போட்டால், அந்தத் தாமதத்திலேயே பிழை ஒளித்துக்கொண்டது. ஆகவே நிகழ்வுகளைச் சத்தமில்லாமல் குறித்துவைக்க, நினைவகத்தில் ஒரு பதிவு வளையம் அமைத்தேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரமும், இடம் விட்ட வாசகமும், அந்த இடத்தில் நிரப்ப வேண்டியவையும் மட்டும் அதில் விழும். மெசின் உறைந்தபின் ஒரு விசையை அழுத்தினால் அவை கோக்கப்பட்டு முழு வாசகமாகத் திரைக்கு வரும். நல்ல வேலை என்று எனக்கே பெருமை. திரை மோடத்தின் பெயரைக் காட்டியதும், அந்தப் பெருமையில்தான் அதைக் கழற்றச் சொன்னேன்.

நானாவின் ஸ்டோர் புத்தகத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்தேன். முதல் வரியில் ஊர்ப் பெயர். கீழே பக்கம் முழுக்க ‘மேற்படி’. முதல் வரியில் துண்டுக் காகிதம் ஒட்டி, களுவாஞ்சிக்குடியை வாகரை ஆக்கியிருந்தார்.

“நானா, இந்தப் பக்கம் முழுக்க வாகரையா?”

“சீ, முதலாவது மட்டுந்தான் மாறின. மற்றதெல்லாம் களுவாஞ்சிக்குடி. எனக்குத் தெரியுந்தானே.”

“வாசிக்கிறவனுக்கு?”

கேட்டுவிட்டு நானே நிமிர்ந்தேன். என் வளையத்திலும் அதே மேற்படிதான். மோடம், பிரிண்டர் என்று ஒவ்வொரு சாதனத்தையும் ஓட்டும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர்; அந்த டிரைவரின் பெயரைப் பதியாமல், பெயர் இருக்கும் இடத்தின் முகவரியைப் பதிந்திருந்தேன். எல்லா டிரைவர்களும் பெயர் எழுதும் பொது இடம் அது. மெசினின் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம், கழற்றிய பிறகும் மோடத்தைத் தேடும் அதன் டிரைவர், நான் திரைக்கு எடுப்பதற்குள் தன் பெயரை அங்கே எழுதிவிடும்.

பெயரையே எழுத்தெழுத்தாக வளையத்துக்குள் பிரதியெடுக்கச் செய்து கேர்னலை மறுபடி கட்டினேன். இம்முறை பிரிண்டர் டிரைவர் அகப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டும் உள்ளே விடும் பூட்டைப் பிடித்தபடியே, மற்றவற்றை நிறுத்திவைத்துப் பிரிண்டரின் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது. பூட்டை விட்டபின் காத்திருக்கும்படி திருத்தினேன். பட்டியல் கடைசிப் பெயர்வரை வந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஒன்றை மறக்க வேண்டாம். நிகழ்ந்த கணத்தில் இருந்ததை அப்போதே பதியுங்கள். பிறகு பார்க்கலாம் என்று இடத்தைச் சுட்டிவிட்டு வந்தால், போகும்போது அங்கே வேறொருவர் இருப்பார்.

“மறுகா கதைப்பம் தம்பி, நேரம் போகுது,” என்று பட்டியலை வாங்கிய நானா லொறியில் ஏறினார். ஸ்டோர் புத்தகத்தை மடியில் விரித்து, வண்டி வாசலைத் தாண்டுமுன்னே முதல் மேற்படியை வெட்டி, களுவாஞ்சிக்குடி என்று முழுதாக எழுதினார்.