மூன்றாவது வட்டம்

ஆடி மாதத்துத் தரைச்சூடு உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருக்க, பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்ட மூன்று வட்டங்களில் வெளிவட்டத்தில் நான் மட்டும் தனியாக நின்றேன். அறிவியல் வாத்தியார் எங்களையே எலக்ட்ரான்களாக்கி சோடியம் அணுவைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்வட்டத்தில் இரண்டு பேர், அதற்கு மேல் இடமில்லை. அடுத்ததில் எட்டுப் பேர், அதுவும் நிறைந்தாயிற்று. மிஞ்சிய ஆள் நான். "வெளியில ஒத்தையா நிக்குத ஆளு தங்காது. வெளிவட்டத்துல ஏழு பேர வச்சுக்கிட்டு இன்னொண்ணுக்கு ஏங்குத குளோரின் பக்கத்துல வந்தா, அங்கன போயிரும். அப்படிச் சேந்ததுதான் நாம திங்குத உப்பு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானோ வீட்டில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தேன். வீட்டில் அப்பா, அம்மா இருவர், எனக்கு முன்னால் பிறந்தவர்கள் எட்டுப் பேர், நான் 'கடைக்குட்டி'. கரிவலம்வந்தநல்லூர்ப் பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. என்னைத் தன்னோடு வைத்து வளர்க்கக் கேட்டிருந்தாள்; ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும் என்று அம்மாவும் சொல்லியிருந்தாள். அந்தப் பாடம் நடந்த அன்றிலிருந்து இலையோரத்து உப்பைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழாக் கொடி ஏறியதும் பெரியம்மா 'ஆடிச்சுற்று' சுற்ற வந்தாள். நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் அவளிடம் வந்துசேர வேண்டும் என்பதே அவள் நேர்ச்சை. நெற்றியில் கோயில் பிரசாதமான புற்றுமண்ணோடு, என் கையையும் பிடித்துக்கொண்டே நடந்தாள். கொடிமரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தாண்டிப் போகும்போதெல்லாம், எழுந்து என்னை இழுத்துக்கொள்ள மாட்டாளா என்று பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெற்றவளே விட்டுவிட்டாள் என்று அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன். பெரியம்மாவின் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தேன்.

பெரியம்மா நின்றுவிட்டாள். எடுத்த சுற்றைப் பாதியில் விட்டால் நேர்ச்சை பலிக்காது என்பார்கள்; அது தெரிந்தேதான் நின்றாள். என் கையைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தாள்.

"ஏட்டி, பிள்ள பயப்படுதா. ஒங்கிட்டயே இருக்கட்டும்."

மிச்சச் சுற்றை முடிக்காமலே பஸ் ஏறிப் போனாள். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த முற்றத்தில் இன்று சிமெண்டுத் தளம். எலக்ட்ரான்கள் அப்படி வட்டத்தில் நிற்பதே இல்லையாம், இன்ன இடத்தில் இருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாத மேகமாம்; கல்லூரியில் படிக்கும் பேத்தி சொல்கிறாள். நான் பயந்து செத்த வட்டங்களும் பொய்யாகிப் போயின. பெரியம்மாவும் இறந்துவிட்டாள், கடைசிவரை ஒரு பிள்ளை குறைந்த வீட்டிலேயே. இப்போதும் ஆடிச்சுற்றில் கொடிமரத்தடி வரும்போது, என் கை அவள் கையைத் தேடுகிறது.