இருபத்தெட்டு வருடமாகப் புதியவர்

எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் என் அப்பா ஒரே ஒருமுறைதான் பாங்கு சொன்னார். இரண்டு வருடம் ஆகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் காது சூடாகிறது.

அன்றைக்கு எனக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். பிற்பகலின் அஸர் தொழுகைக்கான நேரம். வழக்கமாகத் தொழுகைக்கு அழைக்கும் மோதினாருக்குக் காய்ச்சல் என்று அப்பா மதியமே சொல்லியிருந்தார். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. பிறகு கேட்டது அப்பாவின் குரல். முதல் வரியில் கொஞ்சம் நடுக்கம். இரண்டாவதில் அது போய்விட்டது. லேத் பட்டறை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், ஆஸ்டின் டவுன் கூரைகளின் மேல் தடையில்லாமல் போயிற்று.

அம்மா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். “உங்கப்பாவா அது?” என்றாள். நான் தலையாட்டினேன். முடியும்வரை இருவரும் அசையவில்லை.

அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். ஊர் எங்களை எந்தத் தெருவில் வைத்திருந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அப்பா பெங்களூர் வந்து லேத்தில் சேர்ந்தார். ஒருநாள் பட்டறையில் யாரோ இறந்துபோக, பள்ளிவாசல் வாசலில் நின்று, அடக்கத்துக்கு முன் நடந்த மதியத் தொழுகையைப் பார்த்திருக்கிறார். தாமதமாக வந்த பட்டறை முதலாளி கடைசி வரிசையில் நின்றார். அவருக்கு முன்வரிசையில், பிரியாணிக் கடையில் தட்டு கழுவுகிறவர். முதலாளி குனிந்தபோது அவர் நெற்றி அந்த மனிதரின் குதிகாலுக்குப் பக்கத்தில் போயிற்று. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. சில மாதங்கள் கழித்து, இறைவன் ஒருவனே, நபிகள் அவனுடைய தூதர் என்று கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்தார். அம்மாவும் சேர்ந்தாள். எனக்கு அப்போது நான்கு வயது.

அரபு எழுத்தை முப்பத்தைந்து வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார். தமிழ் மட்டுமே தெரிந்த நாக்கு. தொண்டை அடியிலிருந்து வரவேண்டிய ஒலியை டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பார். ‘ஃப’ மட்டும் சில சமயம் ‘ப’ ஆகிவிடும்.

பாங்கு சொன்ன மறுநாள் கமிட்டி செகரட்டரி வீட்டுக்கு வந்தார். பர்னிச்சர் கடை வைத்திருப்பவர், வீட்டில் தக்னி உருது பேசுகிறவர். கூட இன்னும் ஒருவர். இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

“பாய், தப்பா நினைக்காதீங்க. நேத்து நீங்க பாங்கு குடுத்தது... சில பேருக்குப் புடிக்கல. உச்சரிப்பு சரியா இல்லைன்றாங்க. நீங்க நவ்முஸ்லிம் இல்லியா, அதெல்லாம் பிறவியிலேயே வரணும்.”

நவ்முஸ்லிம் என்றால் புதிதாக முஸ்லிம் ஆனவர். இருபத்தெட்டு வருடம் கழித்தும் புதியவர்.

“சரிங்க,” என்றார் அப்பா. “மோதினாரு முடியலன்னாரு, அதான் சொன்னேன். இனிமே சொல்லல.”

அப்பா நின்றுகொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவருடைய வீடு, அவர் வாங்கிப் போட்ட சோபா. வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர் கைகட்டி நின்றார். தாத்தா சுரங்கத்து துரைமார் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார். எது வேண்டாம் என்று அப்பா இந்த வரிசைக்கு வந்தாரோ, அதை இரண்டு பேர் வந்து ஐந்தே நிமிடத்தில் அவர் உடம்பில் திரும்ப ஏற்றிவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

அன்று மாலையே செகரட்டரியின் மருமகன் பாங்கு சொன்னார். நடுவில் மூச்சு வாங்கி நின்றது. ஒரு வரியை மறந்து, விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தார். அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

இதையும் நான் விழுங்கியிருப்பேனோ என்னவோ. வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகைக்கு முன் இமாம் உருதுவில் பயான் என்று ஒரு பேச்சுப் பேசுவார். ஒலிபெருக்கியில் எங்கள் வீடுவரை கேட்கும். அன்றைய பேச்சு இஸ்லாத்தின் முதல் மோதினாரைப் பற்றி. அபிசீனிய வம்சத்துக் கறுப்பு அடிமை. நபிகளை நம்பியதற்காக எஜமான் அவரைக் கொதிக்கும் மணலில் கிடத்தி மார்பில் கல்லை ஏற்றியது, அப்போதும் அவர் இறைவன் ஒருவனே என்று சொன்னது, பிறகு விடுதலையாகி மதீனாவில் பாங்கு சொல்ல நபிகளே அவரைத் தேர்ந்தெடுத்தது. கேட்டவர்கள் “சுப்ஹானல்லாஹ்” என்றார்கள். செகரட்டரி முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அப்பா வந்து சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக அந்த பர்னிச்சர் கடைக்குப் போனேன்.

“வா பேட்டி, டீ சொல்லட்டா?” என்றார். எனக்கு அவர் சாச்சா, சித்தப்பா முறை; அவருக்கு நான் பேட்டி, மகள்.

“வேணாம் சாச்சா. இன்னிக்கு பயான்ல அழுதீங்களாமே.”

“யாருக்குத்தான் அழுகை வராது? எவ்வளவு கஷ்டம் அவருக்கு!”

“அவரோட அப்பா முஸ்லிமா?”

அவர் விழித்தார்.

“அவரோட தாத்தா? நபியோட முதல்ல நின்ன ஆளுங்க எல்லாம் முஸ்லிம் வீட்லயா பொறந்தாங்க? அவங்க அத்தன பேரும் நவ்முஸ்லிம்தானே சாச்சா?”

“அது வேற விஷயம், பேட்டி.”

“இன்னா வேற?”

“இது உச்சரிப்பு மசலா, மார்க்க விஷயம். ஒரு எழுத்து மாறினா அர்த்தமே மாறிடும்.”

“உங்க மருமவன் ஒரு வரியே வுட்டுட்டாரு. அதுக்கு யாரு வூட்டுக்குப் போனீங்க?”

அவர் முகம் கறுத்தது. கடையில் சோபா பார்த்துக்கொண்டிருந்த தம்பதி எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தி, உண்மையைச் சொன்னார். “கமிட்டில பெரிய பெரிய கான்தான், பரம்பரைக் குடும்பத்து ஆளுங்க இருக்காங்க. எங்கிருந்தோ வந்தவங்க பாங்கு குடுக்கறாங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?”

எங்கிருந்தோ. அந்தச் சொல்லுக்குத்தான் அவர் இவ்வளவு நேரம் உச்சரிப்பு என்று பெயர் வைத்திருந்தார்.

“மக்கா திரும்பக் கெடச்ச அன்னிக்கு நபி அந்த அடிமையா இருந்தவரத்தான் கஅபா மேல ஏத்தி பாங்கு சொல்லச் சொன்னாரு,” என்றேன். “கீழ நின்ன பெரிய வூட்டு ஆளுங்க சில பேரு மூஞ்ச சுளிச்சாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க. நீங்களும் படிச்சிருப்பீங்க. அவங்க பக்கத்துல போய் நிக்கறீங்க சாச்சா நீங்க.”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்தேன்.

வீட்டில் அப்பா என்னைத் திட்டினார். “யாரக் கேட்டு போன? நான் அல்லாவத் தொழத்தான் அங்க போறேன், அந்தாளப் பாக்கவா? வுடு பாப்பா.”

“உன் வூட்ல உன்ன நிக்க வெச்சாங்கப்பா!” என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முற்றத்துக்குப் போய்க் கைகால் கழுவினார். அன்றைக்கு எனக்கு அவர் மேலும் கோபம்தான். அந்த அமைதியை எல்லோரும் பண்பு என்று பாராட்டுவார்கள். அதை வைத்துத்தான் கமிட்டிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

கமிட்டி மன்னிப்புக் கேட்கவில்லை. இமாம் மட்டும் ஒருநாள் தெருவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பேச்சை வேண்டுமென்றேதான் எடுத்தேன் என்றாராம். நேரில் நாலு பேரிடம் சொல்ல வேண்டியதை மைக்கில் பொதுவாகச் சொன்னால் யாருக்கு உறைக்கும்?

சில மாதங்களில் அப்பா தொம்மலூருக்குத் தொழப் போக ஆரம்பித்தார். மெக்கானிக் ஷெட்டுக்கு மேலே ஒரு அறை. சுற்றுவட்டாரத்தில் வேலை செய்கிற தமிழர்களும் வங்காளிகளும் சேர்ந்து தொழுகிறார்கள். ஒலிபெருக்கி கிடையாது. இரண்டாவது வாரமே அவரைப் பாங்கு சொல்லச் சொன்னார்கள். ‘ஃப’ வராத இடத்தில் ஒரு வங்காளித் தச்சர் சொல்லித் திருத்துகிறாராம். அவருக்கும் அரபு நடுவயதில் வந்ததுதான். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

செகரட்டரியைத் தெருவில் பார்க்கிறேன். அவர் சலாம் சொல்கிறார். பதில் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.