சமர்ப்பணப் பக்கம்

காலடிப்பேட்டை உபைதுல்லா பாயின் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எதை எங்கே வைப்பது என்பதுதான் தெரியாது. முடிவுரையில் வரவேண்டியதை முன்னுரையில் கொட்டிவிட்டு, நாளைக்குக் கடைசித் தேதி என்று வந்து நிற்பார்கள். அந்தக் கலவையைப் பிரித்து அடுக்கித் தட்டச்சு செய்து கொடுப்பது பவானியின் வேலை. ஒன்பது வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். மணலி ஆலைகள் பக்கமிருந்து வாடை அடித்தால் ஜன்னலைச் சாத்துவாள். அதைத் தவிர அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பது குறைவு.

பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் அவள் படிப்பு. தட்டித் தட்டியே எல்லாம் பிடிபட்டுவிட்டது. கன்டெய்னர் யார்டில் ஒரு மாதம் பயிற்சிக்கு இருந்துவிட்டு எழுதும் ரிப்போர்ட்டா, சுருக்கத்தை முதலில் வை. படிக்கிறவருக்கு மீதியைப் புரட்டப் பொறுமை இருக்காது. செமினார் கட்டுரையா, ஒரே கருத்தைப் பிடி. புத்தக மதிப்புரையா, கதை சொல்வதை அரைப் பக்கத்தோடு நிறுத்து. ஆய்வேடு என்றால் மற்றவர்கள் சொன்னது முன்னே, நீ போய்ப் பார்த்தது பிறகு, உன் கருத்து எல்லாவற்றுக்கும் கடைசியில். சமர்ப்பணமும் கடைசியில்தான் எழுத வேண்டும், ஆனால் முதலில் நிற்கும். முடியாத ஆய்வேட்டுக்குச் சமர்ப்பணம் கிடையாது. இதில் மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்கவே வராது.

ஒவ்வொரு வகைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி ஃபைல் வைத்திருந்தாள். ஓரம், எழுத்தின் அளவு, தலைப்பு எல்லாம் அதில் தயாராக இருக்கும். பிள்ளைகள் எழுதியதை அதில் இறக்கினால் போதும். ஆய்வேட்டுக்கான மாதிரி ஃபைல் அவள் மகள் மதியுடையது. வியாசர்பாடியில் இருந்தபோது மதி எம்.ஏ. படித்தாள், அம்மா தட்டச்சு செய்தாள். மூன்றாம் இயல் நடந்துகொண்டிருந்தபோது மஞ்சள் காமாலை வந்து பதினெட்டு நாளில் பெண் போய்விட்டாள். பவானி இயல்களையெல்லாம் காலி செய்துவிட்டுச் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத இந்தப் பேட்டைக்குக் குடிவந்தாள்.

சமர்ப்பணப் பக்கத்தை மட்டும் காலி செய்ய மனம் வரவில்லை. ‘என் அம்மா பவானிக்கு.’ முதல் இயலைத் தொடங்குமுன்பே மதி அதை எழுதியிருந்தாள்.

“முடிக்காம இன்னாத்துக்குடி சமர்ப்பணம்? எடு அத்த,” என்று அன்றைக்குப் பவானி கடிந்துகொண்டாள். பெண் எடுக்கவில்லை. ஏன் அப்படிப் பேசினோம் என்று நினைக்காத நாள் இல்லை.

ஆகவே ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஃபைலை நகலெடுத்ததும் முதல் வேலையாகத் தன் பெயரைத் தானே அழித்துவிட்டு, அந்தப் பிள்ளை சொல்கிற பெயரைத் தட்டுவாள். வருஷத்துக்கு நாற்பது ஐம்பது முறை. பழகிவிட்டது என்று சொல்ல முடியாது.

இந்த ஏப்ரலில் கூட்டம் அலைமோதியது, கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஒரு பையனுடையதில் அழிக்க மறந்துவிட்டாள்.

எண்ணூர்ப் பிரகாஷ் அந்தப் பையன். கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவர்களைப் பற்றிய ஆய்வேடு. மூன்று பிரதிகள், தங்க எழுத்து பைண்டிங். அவனும் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்த்தவள் அவன் அம்மா மங்கம்மா. எழுத்துக் கூட்டிப் படிப்பவள். மறுநாள் மீன் விற்று முடித்த கையோடு மூன்று பிரதிகளையும் அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

“பவானின்றது யாரு?”

“நான்தாம்மா.”

“எம் புள்ளைக்கு நீ இன்னா வேணும்? கூடை தூக்கிப் படிக்க வெச்சது நானு. புக்கத் தொறந்தா அம்மான்னு உம் பேரு கீது.”

பவானி ஒரு பிரதியைத் திறந்து பார்த்தாள். “கம்ப்யூட்டர் தப்பும்மா,” என்றாள்.

“கம்ப்யூட்டருக்கு உம் பேரு எப்டிமே தெரியும்?”

பவானி உண்மையைச் சொன்னாள். காலடிப்பேட்டையில் மதி என்ற பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்லாவில் இருந்த பாய் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மங்கம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு, “மாத்திக் குடு. அது என் எடம்,” என்றாள்.

நியாயம்தான். பவானி பிளேடால் மூன்று பக்கங்களையும் தையலோரம் நறுக்கினாள். ‘என் அம்மா மங்கம்மாவுக்கு’ என்று அடித்துப் புதுப் பக்கங்களைப் பசை தடவி ஒட்டினாள். நறுக்கிய தாள்களை வழக்கம்போல் ரஃப் பேப்பர் கட்டில் போடப் போனபோது மங்கம்மா அவள் கையைப் பிடித்தாள். மீன் வாடை அடிக்கும் ஈரக் கை.

“உம் பொண்ணு உனுக்கு எய்துனது. இத்தப் போயி குப்பைல போடுறியே,” என்று ஒரு தாளை உருவி அவள் மடியில் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் பவானிக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அந்த வரி திரையில்தான் இருந்தது. முடியாத ஆய்வேடு என்று அவள் அதை ஒருமுறைகூட அச்சிட்டதில்லை. ஒரு மறதியால்தான் அது தாளுக்கு வந்திருக்கிறது.

வீட்டில் காட்ட ஆளில்லை. அந்தத் தாளை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து, சாப்பிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஷைனி என்ற பெண் ஆய்வேட்டோடு வந்தாள். பவானி ஃபைலைத் திறந்து நகலெடுத்தாள். தன் பெயரை அழித்தாள்.

“உங்கம்மா பேரு இன்னா கண்ணு?” என்று கேட்டாள்.