மாமாவின் நாக்கும் இத்தாலிக் கேத்தலும்

எனக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மாவின் தம்பி, என் ஒரே மாமா, கப்பலை விட்டு வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு அவர் கப்பலேறவே இல்லை. கப்பல் குசினியில் கோக்கி வேலை. நடுக்கடலில் வந்த ஒரு காய்ச்சல் அவருக்கு மணத்தையும் ருசியையும் இல்லாமலாக்கிவிட்டது. ருசி தெரியாத சமையல்காரனை வைத்து என்ன செய்வது? நாக்குத் திரும்பினால் கொழும்புக்கு வா, வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "தம்பிட நாக்குச் செத்துப் போயிற்று" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி அழுதார். மாமா பேசும்போதெல்லாம் நான் அவர் வாயையே பார்ப்பேன். நாக்கு நன்றாகத்தான் புரண்டது.

அவர் கொண்டுவந்த பெட்டியில் ஓர் இத்தாலிக் கேத்தல் இருந்தது. அடித்தட்டில் தண்ணீர், நடுவில் சல்லடைக் கிண்ணத்தில் கோப்பித்தூள். அடுப்பில் வைத்தால் தண்ணீர் கொதித்துத் தூளுக்குள்ளால் ஏறி, மேல்தட்டில் கறுப்புக் கோப்பியாக விழும். கப்பலில் தினமும் அதில்தான் குடித்தாராம். அந்த ருசி ஒரு தரம் நாக்கில் பட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று மாமா நம்பினார். நம்பினார் என்று சொல்வதும் சரியில்லை, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் பழி அம்மாவின் உரலில் விழுந்தது. தூள் பருவெட்டாக இருப்பதால் தண்ணீர் சும்மா ஓடிப்போகிறதாம். அம்மா மாவாக இடித்து அரிதட்டில் அரித்துக் கொடுத்தார். கேத்தல் சீறியதே தவிர கோப்பி ஏறவில்லை. பிறகு இரண்டுக்கும் நடுவாக இடித்தார். வறுவல் கருகிவிட்டது என்றார் மாமா, அம்மா கறுக்க முன்னமே சட்டியை இறக்கினார். விறகு நெருப்பு முரட்டு நெருப்பு என்றார், சிரட்டைக்கரி வந்தது. மல்லியும் சுக்கும் சேர்த்தே இடித்துப் பழகிய அம்மா அவற்றையும் விட்டுவிட்டு எல்லாம் செய்தார். கோப்பியும் நாளுக்கு நாள் நல்லதாகிக்கொண்டுதான் வந்தது. மணம் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா சும்மா வந்து வேலியடியில் நின்றார்கள். மாமா மட்டும் ஒரு மிடறு குடித்துவிட்டு "இல்ல" என்பார். அதோடு வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிடும். அந்தக் கேத்தலைத் தூக்கி வாவியில் எறியவேண்டும் போலிருக்கும் எனக்கு.

ஒரு நாள் நானும் அம்மாவும் கோயிலால் வர, மாமா தானே கோப்பி போட்டு வைத்திருந்தார். முகத்தில் நான் அதுவரை காணாத சிரிப்பு.

"அக்கா, இஞ்ச வாங்க! நாக்கில படுது. மெல்லிசாப் படுது. குடிச்சிப் பாருங்க."

அம்மா ஒரு மிடறு குடித்தார். பிறகு கிணற்றடியில் ஈரமாகக் கிடந்த வாளியைப் பார்த்தார். ஆவணி வெயிலில் கடல்தண்ணீர் ஏறி வாவிக்கரைக் கிணறுகள் உப்பாகிவிடும். குடிக்கிற தண்ணீரைத் தூரத்திலிருந்து குடத்தில் கொண்டுவருவோம். வருஷக்கணக்காகக் கடலில் கிடந்த மாமாவுக்கு அது மறந்துபோயிருந்தது.

"எப்பிடி அக்கா?"

"நல்லாரிக்கி தம்பி," என்றார் அம்மா. "நல்லா வந்திரிக்கி."

மாமா உடனே பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். நாளைக்கே கொழும்பு ரயில் என்றார். அம்மா குசினிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் எண்ணினேன். அவர் வைத்துவிட்டுப் போன கோப்பியை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கடலில் வேலை செய்கிறவர்களுடைய கோப்பி இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து, மிச்சத்தையும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தேன்.