வண்டி ஓடட்டும், வாரேன்

டீசல் எஞ்சினை ஒரு காரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்கு அடியில், ஒருவர் சீட்டில். இதை எவனும் முதலிலேயே சொல்லித் தொலைக்க மாட்டான். ஸ்பேனர் செட்டைப் பற்றிச் சொல்வான், செயின் பிளாக்கைப் பற்றிச் சொல்வான், மவுண்டிங்கை எந்த இடத்தில் வெல்டு வைக்கணும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்து விட வீட்டில் ஆள் இருக்கா என்று மட்டும் கேட்க மாட்டான். எல்லார் வீட்டிலும் ஆள் இருக்கிறது என்று நினைப்பு.

என் வீட்டிலும் இருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அந்தப் பழைய அம்பாசிடர் நிற்கும். எப்போது அதற்கு ஏதாவது வந்தாலும் நான் அடியில் படுத்திருப்பேன், என் மனைவி சீட்டில் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் இரண்டு பேருமே நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். அவள் ரீலிங்கில் நூல் சுற்றினாள். நான் ஜெனரேட்டர் ரூம். மில்லுக்குள் வாயால் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. கையைக் காட்டுவோம், இரும்பில் தட்டுவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் கீழே இருந்து ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மிதிக்க வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் விட வேண்டும். ஒரு நாளும் அவளுக்குத் தப்பியதில்லை. காலைப் பெடலில் வைத்தபடியே கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

மகளுக்குச் சென்னையில் குழந்தை பிறந்தபோது போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். அப்புறம் பேரன் தவழட்டும் என்றாள். நடக்கட்டும் என்றாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை யார் பார்ப்பது, பள்ளிக்கூடம் சேரட்டும் என்றாள். எல்லாம் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நீங்களும் அங்கே போய் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போனேன். பதினைந்து நாள் தாக்குப்பிடித்தேன். ஜெனரேட்டர் என் காதில் பாதியைத் தின்றுவிட்டது, அதனால் டிவியைச் சத்தமாக வைப்பேன். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார். கீழே யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன், தரையில் எண்ணெய் சிந்திவிட்டது என்று வாட்ச்மேன் சத்தம் போட்டான். நான் அவனைவிடப் பெரிய சத்தம் போட்டேன். மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்புக்கு வாட்ச்மேன் எவ்வளவோ தேவலை என்று ஊருக்கு வந்துவிட்டேன்.

ஒரு நாள் போனில் கத்திவிட்டேன். "எப்பத்தான் வருவ? ஒரு நாளச் சொல்லு!"

அவள் சிரித்தாள். "அந்த ஓட்ட வண்டிய ஓட்டிக்கிட்டு இங்கன வந்து கூப்பிடுங்க. வண்டி ஓடட்டும், வாரேன்."

அம்பாசிடரின் எஞ்சின் செத்து வெகுநாள் ஆகியிருந்தது. பிஸ்டன் பிடித்து, பிளாக்கே கீறி, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலை. அது அவளுக்கும் தெரியும். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று புரியாத அளவுக்கு நான் கூமுட்டை இல்லை. ஆனால் வாரேன் என்று சொன்னாளா இல்லையா? சொன்னாள். எனக்கு அது போதும்.

மறுநாளே பழைய இரும்புக் கடை பாயிடம் போய் நின்றேன். எங்கள் தெரு முனையில்தான் கடை. உடைக்க வந்த ஒரு டாக்சியிலிருந்து ரெண்டு லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றைக் கியர் பெட்டியோடு எடுத்து ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. என் வண்டியும் ஏற்கெனவே டீசல் வண்டிதான் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஞ்சின் நம்பரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, இது பழைய எஞ்சின விட எம்புட்டு கனம் தெரியுமா? மெக்கானிக் ஷெட்ல விட்டுருங்க. இந்த வயசுல எதுக்கு இந்த வம்பு?" என்றார் பாய்.

"மில்லு ஜெனரேட்டரத் தனி ஆளாக் கழட்டி மாட்டுனவன்யா நானு" என்றேன். பொய். அங்கே எனக்கு உதவிக்கு நான்கு பேர் இருந்தார்கள்.

பழைய எஞ்சினை இறக்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. கழற்றுவதற்கு எப்போதும் ஓர் ஆள் போதும். மாட்டும்போதுதான் தெரிந்தது. செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்கும், பின்னால் கியர் பெட்டி ஜாக்கி மேல் நிற்கும். இரண்டையும் சேர்க்கும்போது கியர் பெட்டித் தண்டின் பல், கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் சரியாக உட்கார வேண்டும். ஒருவர் முன்னால் நின்று எஞ்சினைத் துளித் துளியாகச் சுற்றிக் கொடுப்பார், மற்றவர் பின்னாலிருந்து தள்ளுவார். நான் முன்னால் போய்த் துளி சுற்றுவேன். பின்னால் ஓடி வந்து தள்ளுவேன். உட்காராது. மறுபடி முன்னால் ஓடுவேன். கோயில் பிரகாரம் மாதிரி அந்தக் காரை எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. கடைசியில் 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தபோது, "உக்காந்துருச்சு!" என்று என்னையறியாமல் கத்தினேன். கத்திய பிறகுதான் கொட்டகையில் வேறு ஆள் இல்லை என்று உறைத்தது.

தினமும் சாயங்காலம் அவள் வீடியோ காலில் வருவாள். பாதிப் பேச்சு எனக்குக் கேட்காது என்பதால் மில்லில் போல் கையைக் காட்டுவாள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவேன். பாதி நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். கரி பிடித்த கையைக் கழுவி, ஓர் ஆளுக்கென்று உலை வைக்க எனக்கு வெறுப்பாக இருந்தது. இரண்டு பரோட்டாவை வாங்கிப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். இதையெல்லாம் கையால் எப்படிச் சொல்வது?

எஞ்சின் உட்கார்ந்து, ரேடியேட்டர் நகர்த்தி, மவுண்டிங் வெல்டு வைத்து, எல்லாம் ஆன பிறகு டீசல் லைனில் காற்று எடுக்கும் வேலை வந்தது. டீசல் போகிற குழாயில் காற்று இருந்தால் எஞ்சின் பிடிக்காது. நான் அந்தக் குழாய் முனையில் உள்ள நாசில் நட்டைத் தளர்த்திப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் சாவியைத் திருக வேண்டும். நுரை இல்லாமல் டீசல் வந்ததும் சாவியை விட்டுவிட வேண்டும். வேறு வழியில்லாமல் பாயைக் கூட்டிவந்து சீட்டில் உட்கார வைத்தேன்.

பழக்க தோஷம். ஒரு தட்டு தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஒரு தட்டு. கம்மென்று இருக்கிறது. பேட்டரிதான் இறங்கிவிட்டதோ என்று நட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், வேண்டாம் விடும் என்று இரண்டு தட்டு தட்டினேன். மனுஷன் சாவியைத் திருகிவிட்டார். டீசல் பீய்ச்சிக்கொண்டு கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் அடித்தது. நான் நிறுத்தச் சொல்லிப் பதறிப்போய் இரண்டு தட்டு, இரண்டு தட்டு என்று தட்டத் தட்ட அவர் இன்னும் மும்முரமாகத் திருகிக்கொண்டே இருக்கிறார்.

"யோவ்! அறிவிருக்காய்யா ஒமக்கு? ரெண்டு தட்டுன்னா விடணும்யா!"

பாய் இறங்கி வந்து என் கோலத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். "என்ன அண்ணாச்சி நீங்க! ஒரு விசில்னா நிப்பாட்டு, ரெண்டு விசில்னா போ. பஸ்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. நீங்க ரெண்டு ரெண்டாத் தட்டுனீக, நான் போகச் சொல்லுதீகன்னு நெனச்சேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். அவர் சொல்வதுதான் சரி. உலகம் முழுக்க ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. நாங்கள் இரண்டு பேர்தான் இத்தனை வருஷமாகத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். என்ன யோசித்து அப்படி வைத்தோம் என்று நினைவில்லை. ஏதோ ஒரு நாள் அவள் அப்படி மிதித்தாள், நான் அதையே வைத்துக்கொண்டேன். அதைப் புரிந்துகொள்கிற ஒரே ஆள் சென்னையில் இருக்கிறாள் என்று நினைத்ததும் துண்டை மறுபடியும் கண்ணில் ஒற்றினேன். கண்ணில் டீசல் பட்டதால் பாய் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் பாய் முறைப்படியே தட்டினேன். எஞ்சின் பிடித்தது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

"சத்தம் எப்படி இருக்கு?" என்று பாயிடம் கேட்டேன். என் காதை நம்ப முடியாது.

"டீசல் வண்டி மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன பண்ண?

உடனே அவளுக்கு வீடியோ கால் போட்டேன். சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து, "கேக்குதா? கேக்குதா?" என்றேன். பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினான். "கேக்குது, கேக்குது. நல்லாத்தான் இருக்கு" என்றாள், அவன் வாயைப் பார்த்துக்கொண்டே. பொறவு பேசுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு வைத்துவிட்டாள். வண்டி ஓடிவிட்டதே, எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு வேலையை நானே இழுத்தடித்தேன். ஹாரன் சரியில்லை என்றேன். வைப்பர் சரியில்லை என்றேன். அவளுக்கு முதுகு வலிக்கும் என்று முன்சீட்டைப் பிரித்து, புது நார் வைத்துத் தைக்கக் கொடுத்தேன். முன்பக்கம் கனம் கூடிவிட்டதால் ஸ்பிரிங்கை மாற்றினேன். நல்ல நாள் பார்த்து டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். அதை வைக்க ஆள் ஏது? பாய்தான் நான்கு பழத்தையும் குனிந்து குனிந்து வைத்தார். "நான் வைக்கலாமா அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு போய், பிளவக்கல் அணை வரை ஓட்டிப் பார்த்தேன். கிருஷ்ணன்கோவிலில் ஒரு காலேஜ் பஸ்ஸை ஓவர்டேக் செய்தேன் என்றால் பாருங்கள். அணைக்கட்டில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஜோடி ஜோடியாக வந்திருந்தவர்கள் பழைய அம்பாசிடர் என்று என் வண்டியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளை போனை என் கையில் கொடுத்து, "அங்கிள், எங்க ரெண்டு பேரையும் எடுங்க" என்றது. எடுத்துக் கொடுத்தேன். திரும்பும்போது மகாராஜபுரத்தில் சென்னைக்குக் கொண்டுபோக ஒரு கூடை மாம்பழம் வாங்கினேன். பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான் என்று அதற்கு முந்தின வாரம்தான் மகள் சொல்லியிருந்தாள். இனி எந்தச் சாக்கும் இல்லை, எனக்கும் சரி, அவளுக்கும் சரி.

மறுநாள் விடியக் கிளம்பிச் சாயங்காலம் சென்னையில் இருந்தேன். வழியில் எங்கேயும் நிற்கவில்லை, டீ குடிக்கத் தவிர. எஞ்சின் சூடேறவில்லை, புகை கக்கவில்லை. அந்த அடுக்குமாடி வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்தினேன். அதே வாட்ச்மேன் முறைத்தான். அவள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நெசமாவே ஓட்டிக்கிட்டு வந்துட்டீகளா!"

"ஓட்டிட்டு வான்னு நீதான சொன்ன?" என்றேன்.

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அந்த நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து ஓர் அம்மாள் வந்து, நாளைக்கு நடைப்பயிற்சிக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். "இவங்க எங்க வீட்டுக்காரர். ஊர்லருந்து வந்திருக்காங்க" என்று அவள் என்னை அறிமுகம் செய்தாள். பேச்சில்கூட எங்கள் ஊர் வாடை இல்லை. பேரனை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று வந்தாள். சீட்டு மெத்தென்று இருக்கிறது என்றாள். ராத்திரி பேரன் அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டுதான் தூங்கினான். அதைப் பார்த்தபடி ஹாலில் படுத்துக்கிடந்தேன்.

காலையில் நான் எழுவதற்கு முன்பே அடுக்களையில் புளி கொதிக்கிற வாசம் வந்தது. பயணத்துக்குச் சோறு கட்டுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. கீழே போய்த் தண்ணீர் ஊற்றினேன், எண்ணெய் பார்த்தேன், அவள் பெட்டி வைக்க டிக்கியை ஒழித்துத் துடைத்து வைத்தேன். அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். டிக்கியைத் திறந்தேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி முன்கதவைத் திறந்து, பையைச் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"திருச்சி தாண்டிச் சாப்பிடுங்க. கெடாது" என்றாள்.

நான் எப்போதும் கத்துகிறவன். அன்றைக்கு "வண்டி ஓடுது, பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்தேன்" என்றாள். டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா ஓடுது. சூதானமாப் போயிட்டு வாங்க."

திருச்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் பையைப் பிரித்தேன். ஒரு தூக்குச்சட்டி, ஒரு பாட்டில் தண்ணீர். மூடியைத் திறந்து கையால் கிளறிப் பார்த்தேன். அவள் அளவு என்றைக்கும் தப்பாது. ஓர் ஆளுக்குத்தான் கட்டியிருந்தாள்.