கேள்விக்குறிக்குப் பின்னால்

செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ராஜகுமாரி இடக்கையால் டிக்கெட் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுகிறார். வலக்கையில் பாதி தின்ற சமோசா. "ஹாங் பையா, தோ மினிட். இப்ப பாருங்க, வரும்." எதிர்முனையில் இருப்பவர் தமிழரா வங்காளியா என்று அவர் கேட்பதில்லை. இந்தியையும் தமிழையும் கலந்தே கொடுத்துவிடுகிறார்.

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்கு எதிரே, ஒரு தனியார் படகு நிறுவனத்தின் மாடியறை. டிக்கெட் இணையதளம் இவர் பொறுப்பு. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். சுனாமிக்குப் பிறகு இங்கே ஷாதிபூரில் வாடகை வீடு. பெற்றோர் மலையகத்திலிருந்து வந்தவர்கள்; பேச்சில் அது இன்னும் போகவில்லை. எதைக் கேட்டாலும் முதலில் "ஏலாது" என்பார். கொஞ்சம் பொறுத்து, "லேகின் பார்ப்பம்."

போர்ட் பிளேரில் எது நின்றாலும் நெட்டைத்தான் திட்டுவார்கள். அவரும் வெகுநாள் அப்படித்தான் திட்டினார். ஒரு மழைநாளில் உட்கார்ந்து தோண்டியபோதுதான், தளம் அடிக்கடி உறைவதற்கு நோய் வேறு என்று தெரிந்தது. எனக்கு இப்படி விளக்கினார்:

"நெட் முகவரியில கேள்விக்குறிக்குப் பின்னால தேதி, ஊரு, எத்தன பேருன்னு வருது இல்லீங்களா? அதப் பிரிச்சுக் குடுக்க ஒரு லைப்ரரி இருக்கு, ரெடிமேட் புரோகிராம். யாரோ எழுதினது, எல்லாரும் போட்டுக்கிறது. கோடியாவது டப்பாவில ஒரு பேர வையின்னு ஒருத்தன் கேட்டா, அது யோசிக்காது. ஒண்ணுலேருந்து கோடி வரைக்கும் காலி டப்பா அடுக்கிக்கிட்டே போகும். மத்த சனமெல்லாம் பின்னால நிக்கணும்."

"யார் அப்படிக் கேட்கிறார்கள்?" என்றேன்.

"தெரியாது. அவங்களுக்கு என்னா கிடைக்குதோ."

ஓட்டையை அடைத்த புதிய லைப்ரரி வெளிவந்திருந்தது. அதைப் போட ஒரு பொழுது தளத்தை மூட வேண்டும். மேலாளர் முருகானந்தம் ஒப்பவில்லை. "சீசன்ல பந்த் பண்ணாதீங்க மேடம். நின்னா ஸ்டார்ட் பண்ணிக்குங்க." அன்றிலிருந்து அதுவே வேலையாயிற்று. குளிக்கும்போதும் போனை ஜன்னலில் வைத்துக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு மதியம், வெள்ளைச்சாமி என்ற கொத்தனார் கீழே கவுண்டருக்கு வந்தார். ஹாவ்லாக் தீவில் அவர் தாய் இறந்துவிட்டிருந்தார். கவுண்டரும் அதே சர்வரைத்தான் நம்பியிருக்கிறது; அது அப்போது உறைந்து கிடந்தது. ராஜகுமாரி ஓடவிட்டார், அதே கோடி டப்பாக் கோரிக்கை வந்து விழுந்தது, உறைந்தது. மறுபடி ஓடவிட்டார். மறுபடி உறைந்தது. பட்டியலில் பேர் ஏறாமல் யாரையும் ஏற்ற முடியாது என்றார்கள் துறையில். கடைசிப் படகு காலி இருக்கைகளோடு கிளம்பியது. மறுநாள் வெள்ளைச்சாமி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

படகு போன பிறகு ராஜகுமாரி யாரையும் கேட்கவில்லை. தளத்தை மூடினார். புதிய லைப்ரரி, நெட்டில் இறங்கும்போதே பாதியில் அறுந்தது, திரும்பவும் அறுந்தது, பிறகு ஒருவழியாக இறங்கியது. மேலே வந்த முருகானந்தம் மூடிய திரையைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டாவது செஞ்சிருக்கலாம்" என்றார்.

"சொன்னேன் சார். நாலு மாசமா."

முருகானந்தம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

இப்போது தளம் உறைவதில்லை. ராஜகுமாரிக்குச் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொரு லைப்ரரியில இன்னொரு ஓட்டை இருக்கும்" என்றார் கண்ணைத் தேய்த்துக்கொண்டே.

காரியத்துக்குப் போக வெள்ளைச்சாமி மறுபடி வந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "இன்னிக்கு ஓடுதாம்மா?" என்று மட்டும் கேட்டார். ராஜகுமாரி கீழே இறங்கி வந்து, தானே டிக்கெட்டை அச்செடுத்தார். பிறகு கவுண்டரின் இந்தப் பக்கம் வந்து, அவர் காலடியில் இருந்த அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் படகுத்துறைவரை அவருக்கு முன்னால் நடந்தார்.