பகேரியா வீட்டுப் படையல்

தங்கச்சி, நீ படிச்ச பிள்ளை, சிரிப்பாய் எண்டு தெரியும். நானும் பேய் பிசாசு எண்டால் சிரிக்கிற ஆள்தான். ஊரிலை எங்கட வீடு சுடலைக்குப் பக்கத்திலை, அதாலைதான் பள்ளிக்கூடம் போய் வாறது, ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்லை. கண்ணாலை கண்டதைத்தான் சொல்லுறன், நம்பினால் நம்பு.

தொண்ணூறுகளிலை நான் பலெர்மோவிலை வயசான ஒரு வெள்ளைக்கார அம்மாவிட்டை வேலை, சின்யோரா எண்டுதான் கூப்பிடுறது. மகள் கவிக்கு நாலு வயசு, வேலைக்கும் கூட்டிக்கொண்டுதான் போறன். மனுசனை ஊரிலை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது, பிறகு இருக்கிறாரோ இல்லையோ ஒரு தகவலும் இல்லை. மனுசன்ரை தமையன் டெலிபோன் எடுத்தால், "இனி வரமாட்டான் பிள்ளை, செய்யவேண்டியதைச் செய், பொட்டை அழி" எண்டு ஒரே அரியண்டம்.

அந்த நவம்பர் சின்யோரா எங்களைப் பகேரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனா, அவையின்ரை பழைய வீட்டைத் துப்புரவாக்க. முந்தி பலெர்மோப் பிரபுக்கள் வெயிலுக்குத் தப்பி வந்து இருக்கிற ஊராம், ஒருத்தருக்கொருத்தர் போட்டியா மாளிகை கட்டினவையாம், வழி முழுக்க அதுதான் கதை. ஒரு மதில் நிறையக் கல்லுப் பூதங்கள். எனக்கென்ன, கோயில் வாசலிலை பாக்காத பூதமே? கோடை முடிஞ்சு ஊர் வெறிச்சோடிக் கிடந்தது, மாளிகையெல்லாம் யன்னல் பூட்டி, எலுமிச்சந் தோட்டத்து மணம் மட்டும். அந்த அமைதியிலை எனக்கு மனுசன்ரை ஞாபகம்தான்.

அண்டைக்குத்தான் துணிஞ்சன். மத்தியானம் சின்யோரா படுத்த பிறகு சோறும், அவருக்குப் பிடிச்ச மீன்கறியும், கொஞ்சம் பாயசமும் செய்தன். படையல் வைச்சால் கதவைச் சாத்திப்போட்டு வெளியிலை நிக்கவேணும் எல்லே, செத்தவை வந்து சாப்பிட்டுப் போகட்டும் எண்டு. அந்த வீட்டிலை ஒழுங்காச் சாத்துற கதவு மேல்மாடிக் கடைசி அறைக்குத்தான். அது ஆரின்ரை அறை எண்டு கேக்கவேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை. வைச்சன், "உயிரோடை இருந்தால் தொடாதேங்கோ, இல்லாட்டிச் சாப்பிட்டுப் போங்கோ" எண்டு அழுதன், சாத்தினன்.

கவி கதவிலை திறப்புப் போடுற ஓட்டையாலை பாத்துச் சிரிக்கிறாள். "அம்மா, ஒரு அக்கா பாயசம் குடிக்கிறா."

"அப்பா?"

அவள் கதவிலை காதை வைச்சாள், என்ன பாசையிலை கதைச்சினமோ தெரியாது. "அப்பா அங்கை இல்லையாம்."

கதவைத் திறந்தால் ஒருத்தரும் இல்லை. பாயசக் கிண்ணம் விரலாலை வழிச்சு நக்கின மாதிரிச் சுத்தம். சோறும் மீன்கறியும் வைச்சது வைச்சபடி.

சத்தத்துக்குச் சின்யோரா எழும்பி வந்தா. ஏசினாலும் ஏசட்டும் எண்டு எல்லாத்தையும் சொன்னன். மனுசி கட்டில் நுனியிலை இருந்து அழுதா. அவவின்ரை அக்கா ஆறு வயசிலை காய்ச்சலிலை செத்தது அந்த அறையிலையாம். "இஞ்சை நவம்பரிலை செத்தவைதான் பிள்ளையளுக்கு இனிப்புக் கொண்டு வருவினம். அவளுக்கு எண்டு ஒருத்தரும் ஒண்டும் வைக்கேல்லை" எண்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டா.

நான் முகத்தைக் கழுவிப் பெரிய பொட்டாய் வைச்சன். அண்டையிலையிருந்து ஒவ்வொரு நவம்பரும் அந்தப் பிள்ளைக்குப் பாயசமும், அவர் அங்கை போய்ச் சேர்ந்திட்டாரோ எண்டு பாக்க மீன்கறியும் வைச்சு, என்ரை அறைக் கதவைச் சாத்துறன். பாயசம் முடிஞ்சிருக்கும். மீன்கறி அப்பிடியே இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கொட்டேக்கை எனக்கு வாற சந்தோசம் உனக்கு விளங்காது.

போன நவம்பர் திறந்தால் ரெண்டும் வெறுமை. மீன்கறிக் கிண்ணத்தைக் கையிலை எடுத்துப் பாத்தன். கவி இப்ப வளந்த பொம்பிளை, பின்னாலை வந்து தோளைப் பிடிச்சு, "நான்தானம்மா மீன்கறி சாப்பிட்டனான், பசிச்சது" எண்டாள். "ஓம் பிள்ளை" எண்டன். வேறை ஒண்டும் கேக்கேல்லை. பொட்டையும் அழிக்கேல்லை.

அவளுக்குச் சின்னனிலையிருந்து மீன் மணமே ஒத்துவராது, தங்கச்சி.